கலர் மேல பழி போடாதீங்க, வெளிச்சம்தான் பத்தலை

ஒரு போட்டோ இருட்டா வந்துடுச்சுன்னா நம்ம பக்கம் முதல்ல வர்ற வசனம் இதுதான்: "ஆளு கொஞ்சம் கருப்பு, அதான் முகம் தெரியல." கேமரா வச்சிருக்கிறவரும் சொல்வார், பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவும் சொல்வார். சில நேரம் போட்டோவில் இருப்பவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சத்தில் நடந்த ஒரு கணக்குப் பிழைக்கு ஒரு மனுஷனோட நிறத்தைப் பொறுப்பாக்குகிறோம். இன்ஜினியரிங் படிக்கிற நாமே இதைச் சொன்னால் எப்படி?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இரண்டே விஷயம். ஒன்று, தனியாக ஸ்டாண்டில் வைத்த ஃபிளாஷ் அடித்து எடுத்த படம் இருண்டு வந்தால் அதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் தூரம், பவர், சிங்க், பேட்டரி, மீட்டர் இந்த ஐந்துக்குள்தான் இருக்கும். இரண்டு, அந்த இருட்டை எடிட்டிங்கில் முகத்தை வெளுத்துச் சரிசெய்வது தீர்வே கிடையாது.

யாருக்கு இந்தப் பேச்சு?

முன்னாடி ஃபிளாஷும் குடையும் ஸ்டூடியோக்காரர் சமாச்சாரம். இப்போ அப்படி இல்லை. செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று, ஃபிளாஷ் ஒன்று, டிரிகர் ஒரு ஜோடி இருந்தால் சனி ஞாயிறு சடங்கு வீடு, வளைகாப்பு, காதுகுத்துன்னு ஆர்டர் எடுக்கிற பசங்க ஒவ்வொரு கிளாஸிலும் ஒருத்தராவது இருக்காங்க. கல்ச்சுரல்ஸ் படம் எடுப்பதும் நாமதான். அதனால் இது யாரோ ஒரு தொழில்காரரைக் குறை சொல்லும் கட்டுரை இல்லை. நம்ம கையில் இருக்கிற பட்டனைப் பற்றிய பேச்சு.

எங்க ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவில் வட்டாரம், தென்காசி மாவட்டம். கோவில் கொடை என்றால் எங்க பக்கம் ராத்திரிதான் களைகட்டும். வில்லுப்பாட்டு, முளைப்பாரி, சாமியாட்டம் எல்லாம் திறந்தவெளியில். டவுன் கல்யாண மண்டபத்தில் வெள்ளை சீலிங் இருக்கும், ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் வெளிச்சம் பூ மாதிரி விரிந்து இறங்கும். கொடையில் தலைக்கு மேலே என்ன இருக்கு? வானம். அதில் பட்டுத் திரும்பி வர ஒன்றுமே இல்லை. ஆகவே ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில் வைத்து, பக்கவாட்டில் அடிக்க வேண்டிய இடம் இதுதான். படங்கள் அதிகமா இருண்டு போகிற இடமும் இதுதான்.

முதல் சந்தேகம்: தூரம்

பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். பரீட்சையில் ரெண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்துவிட்ட இந்த விதிதான் கொடைப் பந்தலில் நம்மைக் கவிழ்க்கிறது. போட்டோ பாஷையில் நாலில் ஒரு பங்கு என்றால் இரண்டு ஸ்டாப் குறைவு.

ஒரு கணக்கு போடுவோம். ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் கைடு நம்பர் என்று ஒன்று உண்டு. அதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் அந்த ஃபிளாஷ் எத்தனை மீட்டர் தூரத்தில் சரியான வெளிச்சம் தரும் என்று கிடைக்கும். பெட்டியில் பெரிதாக 60 என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஃபிளாஷ் தலையை 200 மி.மீ வரை ஜூம் பண்ணி, எல்லா வெளிச்சத்தையும் ஒரே குறுகிய கற்றையாக அடிக்கும்போது வரும் எண். அதே ஃபிளாஷை 35 மி.மீ விரிவில் வைத்தால் அது பாதிக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடும். பேச்சுக்கு 36 என்று வைத்துக்கொள்வோம்.

ஐ.எஸ்.ஓ 100, அப்பர்ச்சர் 5.6, முழு பவர் என்றால் 36-ஐ 5.6-ஆல் வகுக்க, சுமார் 6.4 மீட்டர். நல்லாத்தானே இருக்கு? இப்போ பேட்டரி மிச்சம் பிடிக்கலாம் என்று பவரைக் கால் பங்குக்குக் குறைக்கிறோம். கைடு நம்பர் பாதியாகி 18, தூரம் 3.2 மீட்டர். அப்புறம் வெளிச்சம் மென்மையா இருக்கட்டும் என்று முன்னால் வெள்ளைக் குடையை விரிக்கிறோம். குடை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை தின்னும். இரண்டு என்றே வைத்தால் தூரம் 1.6 மீட்டர். ஆனால் சாமியாடி நிற்பது 5 மீட்டரில்! 5-ஐ 1.6-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் கிட்டத்தட்ட 10. அதாவது தேவையான வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் அவர் மேல் விழுகிறது. மூன்று ஸ்டாப்புக்கும் மேலே குறைவு. இதில் அவர் என்ன கலராக இருந்தால் என்ன?

இதே கணக்கைத் திருப்பினால் தீர்வும் வந்துவிடும். ஐ.எஸ்.ஓ 800-க்குப் போனால் தூரம் சுமார் 2.8 மடங்கு. அப்பர்ச்சரை 4-க்குத் திறந்தால் இன்னும் 1.4 மடங்கு. 1.6 மீட்டர் 6 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு ரூபாய் செலவில்லை. "ஐ.எஸ்.ஓ 100-லதான் எடுக்கணும், இல்லாட்டி கிரெயின்ஸ் வரும்" என்று யாரோ சொன்ன ஒரு வாக்கியத்தை வேதமாக வைத்துக்கொண்டு முகங்களை இருட்டில் தள்ளுகிறவர்களுக்கு இது. சரியான வெளிச்சத்தில் எடுத்த ஐ.எஸ்.ஓ 800 படம், மூன்று ஸ்டாப் குறைவாக எடுத்து அப்புறம் இழுத்துத் தூக்கிய ஐ.எஸ்.ஓ 100 படத்தைவிடப் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

மற்ற நாலு பேர்

சிங்க்: ஃபிளாஷ் வெளிச்சம் கண் சிமிட்டும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவான நேரமே எரியும். அந்த நொடியில் ஷட்டர் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். பல கேமராக்களில் அதற்கான எல்லை 1/200 அல்லது 1/250 விநாடி. அதைத் தாண்டினால் ஷட்டரின் ஒரு திரை பாதி மூடிவிடும், படத்தில் ஓரமாக ஒரு கருப்புப் பட்டை விழும். மலிவு டிரிகர்களில் சிக்னல் கொஞ்சம் தாமதமாகப் போவதால் 1/200-லேயே பட்டை வரலாம். அப்போ 1/160-க்கு இறங்குங்க. ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் பட்டை போகும், ஆனால் பவர் கணிசமாகக் குறையும். ராத்திரி கொடையில் அது தேவையே இல்லை. இன்னொன்று: ஷட்டரை மெதுவாக்கினால் பின்னால் எரிகிற சீரியல் லைட்டுதான் பிரகாசமாகும், ஃபிளாஷ் விழும் முகம் அப்படியேதான் இருக்கும். முகம் இருட்டாக இருக்கு என்று ஷட்டரைத் திருகிக்கொண்டே இருப்பது, ஃபேன் சுத்தலைன்னு டியூப்லைட் சுவிட்சைப் போடுவது மாதிரி.

சிக்னல்: ரேடியோ டிரிகரில் சேனலும் குரூப்பும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்க. டிரிகர் இல்லாமல் இன்னொரு ஃபிளாஷைப் பார்த்து எரியும் ஸ்லேவ் மோடில் வைத்தவர்களுக்கு ஒரு பழைய பொறி இருக்கிறது. கேமரா ஃபிளாஷ் டி.டி.எல்லில் இருந்தால் அளவு பார்ப்பதற்காக முதலில் ஒரு குட்டி மின்னல் அடிக்கும். ஸ்டாண்டில் இருக்கும் ஃபிளாஷ் அதையே நிஜம் என்று நம்பி, ஷட்டர் திறக்கும் முன்பே எரிந்து முடித்துவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் அடித்த மாதிரிதான் தெரியும், படத்தில் இருக்காது. பல ஃபிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு மோடு கொடுத்திருப்பது இதற்குத்தான். எஸ்2 அந்த முதல் மின்னலைக் கண்டுகொள்ளாது. எல்லாம் மேனுவல் என்றால் எஸ்1.

பேட்டரி: ஃபிளாஷுக்குள் இருப்பது ஒரு பெரிய கெபாசிட்டர். அதில் உள்ள ஆற்றல் அரை சி வி ஸ்கொயர். வோல்டேஜ் 70 சதவீதம்தான் ஏறியிருக்கு என்றால் ஆற்றல் 49 சதவீதம், அதாவது ஒரு ஸ்டாப் அவுட். பல ஃபிளாஷ்களில் ரெடி லைட் முழு சார்ஜ் ஆகும் முன்பே எரிந்துவிடும். சாமி வருகிற நேரத்தில் படபடவென்று பத்து கிளிக் அடித்தால் முதல் படம் நல்லா இருக்கும், மூணாவது மங்கும், ஐந்தாவது இருட்டு. படம் எடுத்த வரிசையில் இப்படி இறங்கிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம், செல்தான். சாதா அல்கலைன் செல்லைவிட ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் வோல்டேஜ் எண் குறைவு, 1.2 தான். ஆனாலும் அதன் உள் மின்தடை குறைவு என்பதால் கெபாசிட்டர் சீக்கிரம் நிரம்பும்.

மீட்டர்: இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான இடம். டி.டி.எல் மோடில் கேமரா, தன் முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தர சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு ஃபிளாஷ் அளவை முடிவு செய்கிறது. மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டி சட்டையில் நிற்கிறார், பக்கத்தில் ஜரிகை பளபளக்கிறது. "அய்யோ, வெளிச்சம் ஜாஸ்தி" என்று கேமரா பயந்து ஃபிளாஷைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருளும். இப்போ சொல்லுங்க, முகம் இருண்டதற்குக் காரணம் முகமா, சட்டையா? இதே கேமரா முன்னால் ஒரு கருத்த முகமும் இருண்ட பின்னணியும் மட்டும் இருந்தால், அது ஃபிளாஷைக் கூட்டித்தான் அடித்திருக்கும். பழியை முகத்தின் மேல் போட்டது மெஷின் இல்லை, நாம்.

ராத்திரி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கேமரா திரையை நம்பாதீங்க. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது எந்தப் படமும் திரையில் பளிச்சென்றுதான் தெரியும். காலையில் லேப்டாப்பில் போட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும். ஹிஸ்டோகிராம் பாருங்க. அது பொய் சொல்லாது.

உண்மையை மறைக்க வேண்டாம்

"அப்போ கருத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் வித்தியாசமே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கு. கருத்த தோல் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். இதை ஒத்துக்கொண்டே பேசுவோம்.

தோல் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்து எடுத்தால் (முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரே கார்டு பிடித்தாலே போதும்) வெளுத்தவர் வெளுப்பாக, கருத்தவர் கருப்பாக, இருவருமே முழுசாக வருவார்கள். கண், மூக்கு, தாடையின் வளைவு, மூக்குத்தி எல்லாம் இருக்கும். தவறு நடந்தால்தான் வித்தியாசம். ஒரு ஸ்டாப் குறைவாக எடுத்தால் வெளுத்த முகம் மாநிறமாகத் தெரியும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கருத்த முகம் ஏற்கெனவே அளவுகோலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதே ஒரு ஸ்டாப் குறைந்தால் புருவமும் கண்ணும் கலந்துவிடும்.

சென்சாரின் கணக்கும் இதையே சொல்கிறது. 14 பிட் கோப்பில் மொத்தம் 16,384 படிகள். அதில் மேலே இருக்கும் ஒரே ஒரு ஸ்டாப்புக்கு 8,192 படிகள் போய்விடும், அடுத்ததற்கு 4,096, அப்புறம் 2,048, இப்படிப் பாதி பாதியாகக் குறையும். கீழே போகப் போக முகத்துக்குக் கிடைக்கும் படிகளும் கொஞ்சம், விழுந்த ஒளியும் கொஞ்சம், இரைச்சல் மட்டும் ஜாஸ்தி. அப்புறம் லேப்டாப்பில் எவ்வளவு தூக்கினாலும் வருவது முகம் இல்லை, புள்ளி.

அதனால் நான் இப்படித்தான் சொல்வேன்: கருத்த முகம் படத்தைக் கெடுப்பதில்லை, எடுத்தவரின் தவறை முதல் ஆளாகக் காட்டிக்கொடுக்கிறது. காட்டிக்கொடுத்த முகத்தையே குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை

1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் கலர் பிரிண்ட் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். பேர் ஷெர்லி. அவர் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. மற்றவர்கள் முகம் எப்படி வந்தால் என்ன? இந்த ஷெர்லி அட்டை பற்றி ஆராய்ந்த லோர்னா ராத் என்ற கனடா பேராசிரியர் பதிவு செய்த ஒரு விஷயம் படித்தபோது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஃபிலிம் கருப்பு, பழுப்பு நிறங்களை இன்னும் நன்றாகக் காட்ட வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் இருந்தன. மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம். மனுஷ முகத்துக்காகச் செய்யாததைச் சாக்லேட்டுக்காகச் செய்தார்கள்.

இன்னொரு கதை தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு கருப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் போலராய்டு கேமராவில் படம் எடுத்தது. ஐ.டி-2 என்ற அந்த மாடலில் ஃபிளாஷைக் கூட்டிக் கொடுக்க ஒரு தனி பட்டன் இருந்தது. 1970-இல் அமெரிக்காவில் அதே கம்பெனியில் வேலை பார்த்த கேரலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இருவர் இதை எதிர்த்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977-இல் போலராய்டு அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. கருத்த முகத்தைத் தெளிவாக எடுக்கத் தெரியாமல் இல்லை. யாருக்காக, எதற்காக எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் "இதெல்லாம் பழைய ஃபிலிம் காலம்" என்று சொல்ல முடியாது. 2018-இல் ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளுத்த ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம் தவறின. கருத்த பெண்களிடம் அந்தத் தவறு 34.7 சதவீதம் வரை போனது. 2021-இல்தான் கூகுள் தன் பிக்சல் 6 போனில் எல்லா நிறமும் நிஜமாக வரணும் என்று ரியல் டோன் என்ற பெயரில் ஒன்றைக் கொண்டு வந்தது. நாளைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கும் கேமராவுக்கு கோடு எழுதப்போவது நாமதான். டெஸ்ட் பண்ணும்போது யார் முகத்தை ஷெர்லியாக வைக்கப்போகிறோம்?

நம்மிடமும் நல்ல பாடம் உண்டு. பாலு மகேந்திராவின் படங்களைப் பாருங்க. இயற்கை வெளிச்சத்தை அவர் அளந்து வாங்கிய விதத்தில் ஷோபா, அர்ச்சனா போன்ற கருத்த, மாநிற முகங்கள் திரையில் எவ்வளவு ஆழமாக நிற்கின்றன. 'வீடு' படத்துக்காக அர்ச்சனாவுக்குத் தேசிய விருதே கிடைத்தது. அந்த முகத்தை யாரும் வெளுக்கவில்லை. அதுவும் இன்றைய போனில் இருக்கும் வசதியில் கால்வாசி கூட இல்லாத காலத்தில்.

"கஸ்டமர் கேட்கிறாங்களே?"

ஆர்டர் எடுக்கும் நண்பர்கள் சொல்லும் நியாயமான பதில் இது. "அண்ணே, பொண்ணு கொஞ்சம் செவப்பா தெரியற மாதிரி பண்ணிருங்க" என்று அம்மாவே வந்து சொல்கிறார். பண்ணாவிட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய்விடும். காசு விஷயத்தில் யாருக்கும் உபதேசம் பண்ண எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் அந்த அம்மா ஏன் அப்படிக் கேட்கிறார் என்று யோசிங்க. இதுவரை அவர் பார்த்த கருத்த முகப் போட்டோ எல்லாமே வெளிச்சம் பத்தாத போட்டோ. கருப்பா இருந்தால் இப்படித்தான் வரும், நல்லா வரணும்னா வெளுக்கணும் என்றுதான் அவருக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கு என்று அவருக்கு யாரும் எடுத்துக் காட்டவில்லை. ஒரே ஒரு படம் சரியாக எடுத்து, கன்னத்தில் வெளிச்சம் வழுக்கி இறங்குவதைக் காட்டினால், பல பேர் "இதுவே நல்லாருக்கே" என்றுதான் சொல்வார்கள். "பிரைட்டா வேணும்" என்று கேட்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் வெளிச்சம்தான். அதை நாம் வெளுப்பு என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

கேட்காதவர்களையும் வெளுக்கிறோமே, அதற்கு என்ன பதில்? எங்க பக்கம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்க. வெயிலில் கரிசல் காட்டில் உழைத்த ஆச்சி, போஸ்டரில் ரோஸ் கலரில் இருப்பார். பேரனுக்கே ஒரு நொடி அடையாளம் தெரியாது. பல வீடுகளில் ஒரு மனுஷிக்கு வாழ்நாள் முழுவதும் எடுத்த நல்ல படம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் ஏதோ ஒரு விசேஷத்தில் கூட்டத்தோடு நின்றது. அதில் முகம் இருட்டு. அதை வெட்டி, இழுத்து, வெளுத்துத்தான் போஸ்டர் அடிக்கிறார்கள். அன்றைக்கு ஸ்டாண்டை ரெண்டு மீட்டர் தள்ளி வைத்து, ஐ.எஸ்.ஓவைக் கூட்டி, ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு உண்மையான முகம் மிஞ்சியிருக்கும். ஒரு ஸ்டாப் விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஓரத்தில் நிற்பவர்

குரூப் போட்டோவில் இன்னொரு அநியாயம் சத்தமில்லாமல் நடக்கும். ஒற்றை ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைக்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு 2 மீட்டர், அடுத்த ஓரத்தில் இருப்பவருக்கு 4 மீட்டர். அந்த ஓரத்துக்கு நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான். ஃபிளாஷை இன்னும் பின்னால் கொண்டுபோய் 6 மீட்டர், 8 மீட்டர் ஆக்கி, பவரைக் கூட்டினால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் கீழே வந்துவிடும். வெளிச்சத்தைப் பங்கு வைக்க வேண்டுமென்றால் விளக்கு தள்ளி நிற்க வேண்டும். அவ்ளோதான் சூத்திரம்.

ஆனால் நடைமுறையில் அளவு யாருக்குப் பார்க்கிறோம்? நடுவில் இருக்கும் சீஃப் கெஸ்டுக்கு, மாப்பிள்ளைக்கு, பணம் கொடுப்பவருக்கு. ஓரத்தில் யார் நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர், "நீ கருப்பு, ஓரமா நில்லு" என்று கேலி கேட்டே வளர்ந்தவர், சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டதும் ஈரக் கையோடு வந்த அத்தை. வெளிச்சம் குறைவாகப் போகும் இடத்தில், வெளிச்சம் அதிகம் தேவைப்படும் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அப்புறம் "அவங்க கருப்பு, அதான்" என்கிறோம்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். நாலு விஷயம் போதும்.

முதலில், அளவு பார்க்கும் டெஸ்ட் படத்தைக் கூட்டத்தில் இருப்பதிலேயே கருத்த முகத்துக்கு, இருப்பதிலேயே ஓரமாக நிற்பவருக்குப் பார்ப்போம். அங்கே கண் தெளிவாக வந்து, நடுவில் இருக்கும் வெள்ளைச் சட்டையும் வெந்து போகாமல் இருந்தால் செட்டிங் சரி. நமக்கான ஷெர்லி இவர்தான்.

இரண்டாவது, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்டையோ வெள்ளை வேட்டியையோ கூட எடுத்துக்கொண்டு போவோம். ஃபிளாஷுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலைப் பிடித்தால் நிழல் பக்கமும் உயிர் பெறும். கருத்த தோலுக்கு அகலமான மென்மையான வெளிச்சம் அழகு. அந்த இயற்கையான மினுமினுப்புதான் முகத்துக்கு வடிவம் தரும். பவுடரைப் போட்டு அதை மறைக்கச் சொல்லாதீங்க.

மூன்றாவது, நம்ம காலேஜ் போட்டோ கிளப்புக்கு ஒரு கோரிக்கை. இந்த வருஷ இயர்புக்கில் எந்த முகத்தையும் வெளுக்க மாட்டோம் என்று ஒரு முடிவு எடுங்க. எக்ஸ்போஷர் சரி பண்ணுங்க, வொயிட் பேலன்ஸ் சரி பண்ணுங்க. தோலின் நிறத்தைத் தொடாதீங்க. பரு இருந்தால் அதையும் விட்டுவிடலாம், நாலு வருஷம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டதற்கு அது ஒரு சாட்சி.

நாலாவது, அந்த வசனத்தை நிறுத்துவோம். படம் இருண்டு வந்தால் "இருங்க, லைட் பத்தலை, இன்னொரு தடவை எடுக்கிறேன்" என்று சொல்லுங்க. அதைச் சொல்ல மூணு விநாடி ஆகும். எதிரில் நிற்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்த ஒரு வாக்கியம் வேலை செய்யும்.

அடுத்த கொடை சீசனில் நம்மில் யாராவது ஸ்டாண்டும் குடையுமாக ஏதோ ஒரு ஊர்ப் பந்தலில் நிற்கத்தான் போகிறோம். படம் இருட்டாக வரும். வரட்டும். தூரத்தைப் பாருங்க, பவரைப் பாருங்க, சிங்க்கைப் பாருங்க, செல்லைப் பாருங்க, வெள்ளைச் சட்டையைப் பாருங்க. இந்த அஞ்சையும் பார்த்துச் சரிபண்ணி முடிக்கும்போது அந்த முகம் படத்தில் வந்திருக்கும்.